மல்டிமீட்டரா, ஆர்டுயினோ பெட்டியா? நைட்ராக்ஸ் அளக்க வீட்டில் செய்த இரண்டு கருவிகள்

நைட்ராக்ஸ் என்பது காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த முக்குளிப்பு வாயு. தூத்துக்குடிக் கடலில் ஸ்கூபா முக்குளிக்கும் என் அக்கா மகனுக்காக, பாளையங்கோட்டை வீட்டில் இரண்டு ஆக்சிஜன் அளவிகள் செய்தோம். என்னுடையதில் ஒரு சென்சார், ஒரு மல்டிமீட்டர், அவ்வளவுதான். அவனுடையதில் அதே வகை சென்சாரோடு ஆர்டுயினோவும் (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்பலகை) சின்னத் திரையும் உண்டு.

32 சதவீத நைட்ராக்ஸோடு, ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்துக்கு (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.4 பார் என்ற வரம்பில், 33 மீட்டர் வரை இறங்கலாம். நிரப்பும்போது தவறி 40 சதவீதம் ஆகிவிட்டால், அதே ஆழத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.7 பாரைத் தாண்டிவிடும். அங்கே வலிப்பு முன்னறிவிப்பே இல்லாமல் வரலாம். அதனால்தான் சிலிண்டரை நிரப்பியவர் சொன்னாலும், இறங்குகிறவர் தன் கையால் அளந்துவிட வேண்டும் என்கிறேன்.

இரண்டு கருவிக்கும் உயிர் அந்தச் சென்சார்தான். செலவில் பெரும்பங்கும் அதற்கே. உள்ளே ஈயமும் காரக் கரைசலும் உள்ள சின்ன மின்கலம் அது. ஆக்சிஜன் பட்டால் அதன் அழுத்தத்துக்கு ஏற்ப மில்லிவோல்ட் தரும். காற்றில் 10.0 காட்டி, சிலிண்டர் வாயுவில் 15.3 காட்டினால், 15.3-ஐ 10.0-ஆல் வகுத்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் சதவீதமான 20.9-ஆல் பெருக்க 32 சதவீதம். சென்சாரை ஒரு பிவிசி டீயில் (T வடிவக் குழாய் இணைப்பில்) பொருத்தி, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் மெதுவாகப் பாய விட வேண்டும். வேகமாகத் திறந்தால் அழுத்தம் ஏறி அளவு கூடுதலாகக் காட்டும்.

சாதாரண மல்டிமீட்டரே 200 மில்லிவோல்ட் அளவில் 0.1 வரை காட்டும். ஆக்சிஜன் கணக்கில் அது 0.2 சதவீதம், இந்த வேலைக்குப் போதும். ஆனால் படகு ஆடும்போது கணக்குப் போடுவது தொல்லை, பிசகவும் கூடும். அங்கே மருமகன் பெட்டி வசதி. ஒன்று கவனிக்க வேண்டும்: ஆர்டுயினோவின் சொந்த அளவுமானி 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிப்பது. ஒரு படியே ஏறக்குறைய 5 மில்லிவோல்ட், நமக்கு உதவாது. சின்ன மின்னழுத்தத்தையும் நுணுக்கமாக அளக்கும் ஏடிஎஸ்1115 சில்லைச் சேர்த்தால் ஒரு படி 0.008 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். துல்லியத்தில் என் மீட்டர் அதன் பக்கத்தில்கூட நிற்காது.

அப்புறமும் நான் மீட்டர் பக்கம் நிற்பதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் அவன் பெட்டியில் சுத்த ஆக்சிஜனைக் காட்டியபோது 90 சதவீதத்தைத் தாண்டவில்லை. "மாமா, காத்துல 20.9 சரியாத்தான காட்டுது?" என்றான். காட்டத்தான் செய்யும். காற்றில் வைத்துப் பட்டனை அழுத்தியதும், சென்சார் என்ன கொடுத்தாலும் அதை 20.9 என்று வைத்துக்கொள்ளும்படி அவன் நிரல் எழுதியிருந்தான். அந்தச் சென்சாரை என் மீட்டரில் மாட்டினோம். காற்றில் 8.4, அப்படியானால் சுத்த ஆக்சிஜனில் 40 வர வேண்டும். வந்தது 36. முதுமை தட்டிய சென்சார் மேல் அளவுகளில்தான் முதலில் தடுமாறும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். வாரம் ஒருமுறை காற்றில் எத்தனை மில்லிவோல்ட் என்று நோட்டில் குறித்து வந்தால் இந்த இறக்கம் கண்ணில் படும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைச் சோதிக்க விற்கும் மீயொலி மீட்டர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒலியின் வேகத்தை வைத்து ஆக்சிஜனைக் கணிக்கிறவை அவை. ஹீலியம் கலந்தால் பொய் சொல்லும். சிலிண்டருக்கு வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் நம் கரையின் ஈரத்தை மறக்கக் கூடாது. உவரியில் 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரமும் இருக்கும் காலையில், காற்றில் உண்மையான ஆக்சிஜன் 20.2 தான். அதைக் கருவியில் 20.9 என்று பதித்துவிட்டு உலர்ந்த சிலிண்டர் வாயுவை அளந்தால், 32 இருப்பது 33 என்று தெரியும். ஆழ வரம்புக்கு அது பாதுகாப்பான பிழைதான். உடலில் சேரும் நைட்ரஜனை வைத்து நீருக்குள் இருக்கும் நேரத்தைப் போடும் கணக்கிலோ நமக்கு எதிராகப் போகும். நிஜத்தில் உள்ளதைவிடக் கூடுதல் நேரம் இருக்கலாம் என்று கணக்குச் சொல்லும். அதனால் வெறும் காற்று நிரப்பிய சிலிண்டரைத் திறந்து, அந்த உலர்ந்த காற்றில் பதிக்கச் சொல்லிவிட்டேன்.

மருமகன் புதுச் சென்சார் வாங்கினான், நிரலையும் மாற்றினான். இப்போது அவன் திரையில் மேல்வரி மில்லிவோல்ட், கீழ்வரி சதவீதம். காற்றில் 9 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டி சதவீதமே காட்டாது. படகுக்கு இனி அதையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். என் மீட்டர் வீட்டில் வாராந்திரச் சோதனைக்கு.