தாளின்படி நான் தண்ணீரில் நின்றிருந்தேன்

காடும் ஏரியுமான பகுதிக்கு வந்திருக்கும் புது 1:25,000 நிலவரைபடத் தாளை நம்பி மூன்று நாள் நடந்தேன். ஜிபிஎஸ்ஸை வேண்டுமென்றே பையை விட்டு எடுக்கவில்லை.

மேடு பள்ளத்தைக் காட்டுவதில் தாள் அபாரம். பழைய 1:50,000 தாளில் ஒரு கிலோமீட்டர் 2 செ.மீ.க்குள் அடங்கிவிடும், இதில் 4 செ.மீ. அதனால் சின்ன ஓடைகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 10 மீட்டர் உயர இடைவெளியில், ஐந்துக்கு ஒன்று தடிப்பாக. இரண்டாம் நாள் மரங்களைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஓடைகளை எண்ணிக்கொண்டே போனேன். மூன்றாவதைத் தாண்டியதும் கோடுகள் நெருங்கும், அதாவது ஏற்றம் செங்குத்தாகும் என்றது தாள். சரியாக அங்கேதான் எனக்கு மூச்சு வாங்கியது. உயரங்களை லைடார் கொண்டு, அதாவது மேலிருந்து லேசர் பாய்ச்சி அளந்ததாக ஓரக்குறிப்பு சொல்கிறது. விமானப் படத்தில் அடர்காட்டின் தலை மட்டும்தான் தெரியும், தரையை ஊகிக்க வேண்டும். லேசர் துடிப்புகளில் சில இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பிவிடும். அந்த வித்தியாசம் காலுக்குத் தெரிகிறது.

8 மீட்டர் உயரப் பாறை மேடு ஒன்று தாளில் இல்லவே இல்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும் உயரம்தானே அது.

ஏரி விஷயத்தில்தான் கோபம். தாளின்படி நான் தண்ணீருக்குள் நின்றிருந்தேன். காலடியிலோ வெடித்த சேறு. நிஜக் கரைக்கு இன்னும் 300 மீட்டர், தாளில் 1.2 செ.மீ. ஏரி ஏறும், இறங்கும், சரி. ஆனால் அந்த நீலக் கோடு எந்த மாதத்து நீர்மட்டம் என்று ஒரு வரி போட்டிருக்கலாமே? ஒற்றையடிப் பாதைகளைப் பழைய தாளிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் போல. பாதையைக் குறிக்கும் கீற்றுக்கோட்டை நம்பிப் போய் இரண்டு முறை முட்புதரில் முடிந்தது. உயரம் புதுசு, பாதை பழசு. ஓரக்குறிப்பில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆண்டுதான்.

அப்புறம் இன்னொரு கொடுமை: தாள் ஏரியின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. வடகரைக்காக அடுத்த தாளையும் வாங்கியாயிற்று.