எக்ஸ்ட்4, பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்: பல ஆண்டு ஓட்டிப் பார்த்தால் எது எங்கே சறுக்குகிறது

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் மென்பொருளுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். லினக்ஸில் புழங்கும் எக்ஸ்ட்4, பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்றவை கரண்ட் போகும்போதும் டிஸ்க் கெடும்போதும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே இங்கே பேச்சு. சிங்கப்பூரில் கரண்ட் போவது அபூர்வம் என்பதால் வீட்டு நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமித்துப் பகிரும் சிறு கணினி) யுபிஎஸ் வாங்குவோர் குறைவு. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் தீவின் பல வட்டாரங்கள் இருண்டது போன்றவை எப்போதாவது நடப்பவை. டிஸ்க்குக்கு ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் ஆர்சிசிபி என்ற, மின்கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சிலிருந்துதான் வருகிறது. கெட்டிலிலோ மழையில் நனைந்த ஏர்கான் கம்ப்ரசரிலோ 30 மில்லிஆம்பியர் கசிந்தால் போதும், ஒரே ஆர்சிசிபி உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மொத்தமும் அணைந்துவிடும். எரிசக்திச் சந்தை ஆணையம் 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் இதைப் பொருத்தச் சொன்னது உயிர்காக்கும் விதி, குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் அதற்கு அப்புறம் நாம் செய்வதில். கோளாறு எதில் என்று பார்க்க எல்லா சுவிட்சையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுவோம். சில நிமிடங்களுக்குள் கரண்ட் பல தடவை வந்து வந்து போகும். 'மின்சாரம் திரும்பினால் தானே இயங்கு' என்று பயாஸில் (கணினியின் அடிப்படைத் தொடக்க அமைப்பு) வைத்திருந்தால், நாஸ் ஒவ்வொரு தடவையும் பூட் ஆக ஆரம்பித்துப் பாதியில் விழும்.

இதைக் கோப்பு முறைமைகள் தாங்கிக்கொள்ளும் என்பதுதான் பலருக்கும் வியப்பு. ஜர்னல் என்பது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு. அதைத் திரும்ப ஓட்டுவது பாதியில் நின்றாலும் அடுத்த முறை முதலிலிருந்து ஓட்டலாம், கேடில்லை. எக்ஸ்ட்4 வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை ஜர்னலை முடித்து எழுதும். ஆக, ஒழுங்கான டிஸ்க்கில் போவது கடைசிச் சில விநாடி, மிஞ்சினால் அரை நிமிட வேலை, அவ்வளவுதான். எந்தக் கோப்பு முறைமையாலும் தாங்க முடியாதது கீழே இருக்கும் வன்பொருள் பொய் சொல்வதை. 'இதுவரை கொடுத்ததெல்லாம் நிலையாக எழுதியாயிற்றா' என்று கோப்பு முறைமை டிஸ்க்கிடம் கேட்பதற்கு ஃபிளஷ் என்று பெயர். சில மலிவு யுஎஸ்பி என்க்ளோஷர்களில் (டிஸ்க்கை வைக்கும் வெளிப்பெட்டி) டிஸ்க்கையும் யுஎஸ்பியையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப் அந்தக் கேள்வியை டிஸ்க்குக்கு அனுப்பாமலே 'ஆச்சு' என்று பதில் சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால், பின்னால் எழுத வேண்டியது டிஸ்க்கில் இருக்கும், முன்னால் எழுத வேண்டியது இருக்காது.

இந்த இடத்தில்தான் கோப்பு முறைமைகளின் குணம் பிரிகிறது. பட்டர்எஃப்எஸ் 'பேரன்ட் டிரான்சிட் வெரிஃபை ஃபெயில்டு' என்று லாகில் எழுதிவிட்டு மவுன்ட் ஆக (பயன்பாட்டுக்குத் திறக்க) மறுக்கும். மேல்நிலை பிளாக் காட்டும் தலைமுறை எண் ஒன்று, கீழே கிடைத்த பிளாக்கின் எண் வேறு என்று அதற்கு அர்த்தம். அதே டிஸ்க்கில் எக்ஸ்ட்4 இருந்தால் ஜர்னலை ஓட்டி, சரிபார்ப்பை ஓட்டி, பெரும்பாலும் எழுந்து நிற்கும். உள்ளே நாலு கோப்பில் பழைய குப்பை கலந்திருந்தாலும் வாய் திறக்காது, ஏனென்றால் கோப்பின் உள்ளடக்கத்துக்கு அதில் செக்சம் (தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) கிடையாது. முதலாவதை 'நம்பமுடியாதது' என்றும் இரண்டாவதை 'கல்லு மாதிரி' என்றும் பேசிக்கொள்கிறோம். இந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம்.

ஆனாலும் லினக்ஸ் குடியிருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு எக்ஸ்ட்4தான் என் தேர்வு. 2008 டிசம்பரில் லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.28 பதிப்போடு நிலையானது என்று வந்ததிலிருந்து இதன் பழுதுபார்க்கும் கருவிக்கு நிகர் இல்லை. ஃபோர்மேட் செய்யும்போது 5 விழுக்காடு இடத்தை ரூட் பயனருக்கு, அதாவது நிர்வாகிக்கு, ஒதுக்கும். 4 டிபி தரவு டிஸ்க்கில் அது 200 ஜிபி, ஆகவே டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1 விழுக்காடாக இறக்கலாம். ரூட்டில் இறக்காதீர்கள், இடம் நிரம்பும் நாளில் உள்ளே நுழைய அந்த ஒதுக்கீடுதான் வழி.

ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்ட்4 திடீரென்று 'படிக்க மட்டும்' என்று மாறினால் ரீபூட் பட்டனைத் தொட வேண்டாம். முதலில் கர்னல் லாகை வேறொரு டிஸ்க்குக்கோ தம்ப் டிரைவுக்கோ எடுத்து வையுங்கள். அடுத்து ஸ்மார்ட் விவரங்களில் (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) 5, 197, 198, 199 ஆகிய எண்ணிட்ட நாலு வரிகளைப் பாருங்கள். 199 மட்டும் ஏறியிருந்து மற்ற மூன்றும் சுழியம் என்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். புது கேபிள் போட்டாலும் அந்த எண் இறங்காது, மேலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. 197இல் ஏதாவது இருந்தால் டிஸ்க் படிக்கத் திணறுகிறது. அந்த நிலையில் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் கருவி) ஓட்டுவது பெருந்தவறு, சாகிற டிஸ்க்கில் மேலும் எழுதுகிறீர்கள். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால், எதுவரை படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு, புது டிஸ்க்குக்கு நகலெடுங்கள். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிந்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், முரண்டு பிடிக்கும் பகுதிகள் அடுத்த சுற்றுக்கு. நகலில்தான் சரிபார்ப்பு, அதுவும் எதையும் எழுதாமல் பார்க்க மட்டும் செய்யும் தேர்வோடு முதலில். கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கே போயிருந்தால் 4 கேபி பிளாக் உள்ள டிஸ்க்கில் மாற்றுப் பிரதி 32768ஆம் பிளாக்கில் இருக்கும், அடுத்தது 98304இல். மீண்ட கோப்புகள் பெயரிழந்து, '#' போட்ட எண்களாக லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் கிடக்கும்.

டிஸ்க் சுத்தம், கேபிள் சுத்தம், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பு கெடுகிறது என்றால் ரேம் மேல் சந்தேகப்படுங்கள். பயாஸில் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் புது டிஸ்க் வாங்கி மாட்டியும் தீராத கேஸ்கள் பெரும்பாலும் இங்கேதான் முடியும்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதற்கு நல்ல பெயர். பெரிய கோப்புகளுக்கு உகந்தது, 2014இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7இன் இயல்பு முறைமை ஆனது. பார்ட்டிஷனைச் சுருக்க முடியாது. பூட்டின்போது ஓடும் சரிபார்ப்பு கிட்டத்தட்ட வெற்று வேலை. பழுதுபார்க்கும் கருவி 'முதலில் மவுன்ட் செய்து லாகை ஓட்டு' என்று சொன்னால் கேளுங்கள், லாகைச் சுழியமாக்கும் தேர்வு கடைசி வழி.

பட்டர்எஃப்எஸ் ஒற்றை டிஸ்க்கிலும் இரண்டு டிஸ்க் மிரரிலும் (ஒரே தரவு இரண்டிலும் இருப்பது) நன்றாக ஓடுகிறது. ஃபெடோரா 33 லினக்ஸ் டெஸ்க்டாப், 2020இல், இதையே இயல்பாக்கியது. பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு 5, 6 பக்கம் போக வேண்டாம், எழுதும்போது கரண்ட் போனால் பேரிட்டி (இழந்த தரவை மீட்க உதவும் கணக்கு) பொருந்தாமல் போகும் ஓட்டை அதில் தெரிந்த குறை. பயனரைக் குழப்புவது இன்னொன்று: இடம் இருப்பதாகக் காட்டும், எழுதப் போனால் 'இடமில்லை' என்னும். தரவுக்குச் சுமார் 1 ஜிபி துண்டுகளாக இடம் பிரித்துக் கொடுத்துவிட்டது, பாதி காலியான துண்டுகள் தேங்கிவிட்டன, மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளின் பெயர், இருக்குமிடம் போன்ற கணக்கு) புதுத் துண்டு போட இடமில்லை என்பதே காரணம். 10 விழுக்காட்டுக்குக் கீழ் நிரம்பிய தரவுத் துண்டுகளை மட்டும் பேலன்ஸ் செய்தால் (ஒன்றுசேர்த்து அடுக்கினால்) தீரும். முழு பேலன்ஸ் வீண் வேலை. விர்ச்சுவல் மெஷின் கோப்புகள் துண்டாடப்படுவதைத் தடுக்கக் காப்பி-ஆன்-ரைட்டை (பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறை) அணைக்கச் சொல்வார்கள், அதோடு செக்சமும் போய்விடும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மவுன்ட் ஆகாத டிஸ்க்கில் ரிப்பேர் தேர்வைத் தட்டாதீர்கள், ஆவணமே எச்சரிக்கிறது. படிக்க மட்டும் என்ற முறையில் மீட்புத் தேர்வுகளோடு மவுன்ட் செய்து, அல்லது ரெஸ்டோர் கட்டளையால், தரவை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஃபோர்மேட் செய்வதே வேகமானது.

குடும்பப் படங்கள், கணக்கு வழக்கு, சங்கத்தின் பழைய ஆவணங்கள் போன்றவை இரண்டு டிஸ்க் மிரரில் இசட்எஃப்எஸ் மேல் இருக்கட்டும். ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் செக்சமோடு ஒப்பிடுவது) முடிந்தபின் நிலை அறிக்கையில் எந்த டிஸ்க் எத்தனை பிழை தந்தது, சரிசெய்ய முடியாத கோப்பு எது என்று பாதையோடு வரும். ஒற்றை டிஸ்க்கில் தரவுக் கேட்டைக் கண்டுபிடிக்கும், திருத்தாது. டெபியன், உபுன்டுவில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஸ்க்ரப் தானே ஓடும். இதற்கு எஃப்எஸ்சிகே கிடையாது. பூல் (இசட்எஃப்எஸ் ஒன்றாக நிர்வகிக்கும் டிஸ்க் தொகுப்பு) இறக்குமதி ஆகாவிட்டால் கடைசிச் சில பரிவர்த்தனைகளைக் கைவிட்டுப் பின்னோக்கிப் போகும் தேர்வு உண்டு. உரிமச் சிக்கலால் இது கர்னலுக்கு வெளியே வாழ்கிறது. புதுக் கர்னலுக்கு அதன் மாட்யூல் (கர்னலோடு சேரும் துணை நிரல்) கட்டப்படாமல் போனால் ரீபூட்டுக்குப் பின் பூல் காணாமல் போகும், பதறாமல் பழைய கர்னலில் எழுப்பினால் வந்துவிடும்.

இதுவும் தவறு செய்யாதது இல்லை. 2023 நவம்பரில் வெளிவந்த ஒரு பிழையில், அப்போதுதான் எழுதப்பட்ட கோப்பை உடனே நகலெடுத்தால் நகலின் சில பகுதிகள் சுழியங்களாக விழுந்தன. தவறான தரவுக்கே சரியான செக்சம் போடப்பட்டதால் ஸ்க்ரப்புக்கும் பிடிபடவில்லை. 2.2.2, 2.1.14 பதிப்புகள் அதைச் சரிசெய்தன. மிரர் இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கல்யாணப் படம் எடுத்து, எடிட்டிங்குக்குச் சென்னைக்கு டிஸ்க் அனுப்புபவர்கள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையைத் தவிர்க்க முடியாது, விண்டோஸும் மேக்கும் இரண்டும் எழுத வேண்டுமே. அதில் ஜர்னல் இல்லை, உள்ளடக்கத்துக்குச் செக்சம் இல்லை. எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் கடைசியாக எழுதிய அடைவு முழுதும் போகலாம். அனுப்பும்முன் எல்லாக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்களின் பட்டியல் எடுத்து டிஸ்க்கிலேயே போட்டு அனுப்புங்கள், அங்கே இறங்கியதும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெமரி கார்டைக் காலி செய்வது அந்தப் பதில் வந்த பிறகு.

யுபிஎஸ் விஷயத்தில் 600 விஏ சுற்றியுள்ளது இரண்டு டிஸ்க் நாஸுக்குப் போதும். யுஎஸ்பி கேபிளை நாஸில் செருகி, பேட்டரியில் இரண்டு நிமிடம் ஓடியதும் ஒழுங்காக அணையும்படி அமையுங்கள். அந்தக் கேபிள் பெட்டியிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம். 'தானே இயங்கு' அமைப்பை அணையுங்கள், இல்லையேல் தாமதம் வையுங்கள். கதவு சாத்திய பாம் ஷெல்டருக்குள் (வீட்டிலுள்ள குண்டுத் தற்காப்பு அறை) நாஸ், ரூட்டர், யுபிஎஸ் மூன்றையும் அடுக்கினால் டிஸ்க்கும் சூடாகும், ஈய அமிலப் பேட்டரியும் சீக்கிரம் தளரும். ஆண்டுக்கு ஒருமுறை யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, நாஸ் உண்மையிலேயே தானாக அணைகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.