'60 நாளில் போட்ட பணம் திரும்பிவிடும்' என்று ஒரு கேம் சொன்னால்

அந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, விளையாடினால் கிரிப்டோ டோக்கன் தரும் ஒரு கேம். விளையாடத் தேவையான என்எஃப்டிகளுக்கு (பிளாக்செயினில் உங்கள் பெயரில் பதிவாகும் டிஜிட்டல் பொருட்கள்) 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 டோக்கன் கிடைக்கிறது, ஒரு டோக்கன் 10 சென்ட். நாளுக்கு 10 டாலர், 60 நாளில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். ஆனால் 30 நாளுக்கு ஒருமுறை விலை பாதியானால்? முதல் மாதம் 300, அடுத்து 150, பிறகு 75, அப்புறம் 37.50. எத்தனை வருடம் கூட்டிக்கொண்டே போனாலும் 600-ஐத் தொடாது. என்எஃப்டியை விற்று மீட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது தரும் டோக்கன் மலிந்தால் அதுவும் மலியும்.

விலை இவ்வளவு வேகமாகவா இறங்கும்? ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கேம் தரும் எஸ்எல்பி டோக்கன் 2021 ஜூலையில் 35 சென்ட்டைத் தாண்டியது. ஒரே வருடத்தில் 1 சென்ட்டுக்குக் கீழே போனது. 'நடந்தால் காசு' என்று வந்த ஸ்டெப்பனின் ஜிஎஸ்டி டோக்கன் 2022 ஏப்ரல் கடைசியில் 8 டாலருக்கு மேல் இருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் 10 சென்ட்டுகூட இல்லை. எட்டே மாதத்தில் ஆறு முறைக்கு மேல் பாதியாகியிருக்கிறது.

இறங்கும் காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. டோக்கனை எரிக்க, அதாவது புழக்கத்திலிருந்தே அழிக்க, வழி வைத்திருக்கிறோம், அதனால் பணவீக்கம் வராது என்பார்கள். எதற்காக எரிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆக்ஸியில் எஸ்எல்பி எரிந்தது புதிய ஆக்ஸிகளை (அந்தக் கேமின் என்எஃப்டி பிராணிகள்) இனப்பெருக்கம் செய்ய. ஸ்டெப்பனில் ஜிஎஸ்டி புதிய ஷூ என்எஃப்டிகளை மிண்ட் செய்யவும் (புதிதாக உருவாக்கவும்) எரிந்தது. பிறந்த ஒவ்வொன்றும் பிறகு மேலும் டோக்கன் சுரக்கும். ஓட்டையை அடைக்கிறேன் என்று இன்னொரு குழாயைத் திறந்துவிடுவது போலத்தான். புதியவர்கள் வந்து வாங்கிக்கொண்டிருக்கும்வரை இது தெரியாது. வரத்து நின்ற வாரமே தெரிந்துவிடும். 2022 பிப்ரவரியில் ஆக்ஸி தனது அட்வெஞ்சர் பகுதியிலும் தினசரிப் பணியிலும் எஸ்எல்பி தருவதையே நிறுத்தியது. தினக்கூலி போல அதை நம்பியிருந்தவர்களின் வரும்படி அதோடு சுருங்கியது.

பணம் போடுமுன் பிளாக் எக்ஸ்புளோரரில் (பிளாக்செயின் பரிவர்த்தனைகளைக் காட்டும் இணையதளம்) அந்த டோக்கனைத் திறந்து, கடந்த 30 நாளில் மிண்ட் ஆனது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு என்று பாருங்கள். எரிந்ததில் இனப்பெருக்கத்துக்கும் புதிய என்எஃப்டி மிண்ட்டுக்கும் போனது போக மீதி எவ்வளவு? அழகுப் பொருள், போட்டிக் கட்டணம் என்று விளையாட்டு ஆசைக்காகச் செலவானதுதான் உண்மையான தேவை. பல கேம்களில் அது சொற்பம்.

அடுத்தது லிக்விடிட்டி பூல், அதாவது டோக்கனை விற்றுக் காசாக்கும் பொது இருப்பு. பூலில் 1 லட்சம் டாலர் ஸ்டேபிள்காயினும் (டாலர் மதிப்பிலேயே நிற்கும் கிரிப்டோ) 10 லட்சம் டோக்கனும் இருந்தால் விலை 10 சென்ட் என்று காட்டும். நீங்கள் 1 லட்சம் டோக்கன் விற்றால் வருவது 10,000 டாலர் அல்ல, கட்டணம் நீங்கலாகவே சுமார் 9,091தான், விலையும் 8.3 சென்ட்டுக்கு வந்துவிடும். எல்லோருமாகச் சேர்ந்து 10 லட்சம் விற்றால் மொத்தமே 50,000 டாலர், விலை 2.5 சென்ட். வாலட்டில் (கிரிப்டோ வைத்திருக்கும் செயலி) தெரியும் தொகை கதவருகே முதலில் நிற்பவருக்கு மட்டுமே பொருந்தும். கேமை உருவாக்கிய குழுவுக்கும் முதலீட்டாளர்களுக்கும் ஒதுக்கிப் பூட்டிவைத்த டோக்கன்கள் எந்தத் தேதியில் திறக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று உங்களுக்கு முன்னால் விற்க நிற்பவர்கள் அவர்கள்தான்.

பொருளாதாரம் சரியாக இருந்தாலும் பிரிட்ஜ் (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தைக் கடத்தும் வழி) கவிழ்க்கலாம். ஆக்ஸி பயன்படுத்திய ரோனின் பிரிட்ஜில், பணம் எடுப்பதைச் சரிபார்க்கும் 9 வேலிடேட்டர்களில் 5 பேர் கையொப்பம் போதும் என்றிருந்தது. 2022 மார்ச் 23 அன்று அந்த ஐந்தும் திருடர்கள் கையில் சிக்க, 1,73,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசியும் (ஒரு டாலர் ஸ்டேபிள்காயின்) போயின. ஆறு நாள் யாருக்கும் தெரியாது! முன்பு தற்காலிகமாகக் கொடுத்த ஓர் அனுமதியை ரத்து செய்ய மறந்ததும் ஒரு காரணம். பயனர்களுக்குப் பிறகு ஈடு செய்தார்கள். எல்லாக் கேம்களும் செய்யும் என்று நம்ப இடமில்லை.

சரியப்போகும் கேம் முதலில் கைவைப்பது வித்டிராவலில். காத்திருப்பு 3 நாளிலிருந்து 15 ஆகும், எடுக்கும் கட்டணம் ஏறும், 'புதிய டோக்கனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்' என்று அறிவிப்பு வரும். இதில் ஒன்றைப் பார்த்தாலே இருப்பதை எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு, உங்கள் டோக்கன்களை எடுத்துக்கொள்ள அந்தக் கேமின் கான்டிராக்ட்டுக்கு (பிளாக்செயினில் இயங்கும் அதன் நிரல்) வாலட்டில் கொடுத்த வரம்பில்லா அனுமதியையும் ரத்து செய்யுங்கள். வாலட்டைத் துண்டிப்பது மட்டும் அனுமதியை நீக்காது.