கிழிக்கும் காலண்டரா, வண்ணம் தீட்டும் காலண்டரா?

நாலரை வயதில் என் மகளுக்கு நடந்து முடிந்தது எல்லாமே நேற்றுதான். போன மாதம் கடலுக்குப் போனதும் நேற்று, அன்று காலையில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டதும் நேற்று. இந்த வயதுக்கு இது இயல்பு. நடந்தது எது, நடக்கப்போவது எது என்று பிள்ளைகள் சீக்கிரமே பிரித்துவிடுகிறார்கள். எத்தனை நாள் முன்னால், எத்தனை நாள் கழித்து என்ற தூரம்தான் தாமதமாகப் பிடிபடுகிறது. அந்தத் தூரத்தைக் கண்ணில் காட்ட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு காலண்டராகப் பார்த்தோம். இப்போது சுவரில் இருப்பது, மாதத்தின் நாட்களைக் கட்டங்களாகப் போட்டு, நாளுக்கு ஒரு கட்டமாக வண்ணம் தீட்டும் மாதத்தாள் மட்டும்.

முதலில் வாங்கியது காந்த அட்டைப் பலகை. கிழமை, தேதி, மாதம், வெயிலா மழையா என்று தினமும் அட்டை மாற்ற வேண்டும். அழகாக இருக்கும். கிழமைப் பெயர்களை வரிசையாகச் சொல்லவும் வந்துவிட்டது. ஆனால் 'வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள்' என்று கேட்டால் முழித்தாள். மழலையர் வகுப்புகளில் இன்று என்ன கிழமை, என்ன தேதி என்று தினமும் நடக்கும் காலண்டர் நேரம் அந்த வயதுக்கு அவ்வளவாகப் பொருள்படுவதில்லை என்று மழலையர் கல்வி ஆய்வாளர் லிலியன் காட்ஸும் இன்னும் இருவரும் 2008-லேயே ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். பலகை விஷயத்தில் அது முழுக்கச் சரி என்பேன்.

அடுத்தது தினசரி கிழிக்கும் காலண்டர். கிழிப்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். ஒருநாள் பார்த்தால் கட்டிலில் பதினோரு தாள் கிடக்கிறது. பிறந்தநாள் தாள் மேலே வரும்வரை கிழித்துவிட்டு, "அம்மா, இன்னைக்குதானே என் பொறந்தநாள்?" என்று வந்து நிற்கிறாள். தாள் போனால் நாளும் போய்விடும் என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. அந்தக் காலண்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

நான் வண்ணத்தாளின் பக்கம் சாய்ந்த காரணம் இங்கேதான் இருக்கிறது. முடிந்த நாள் கண்ணெதிரே இருக்கிறதா இல்லையா? பலகையில் நேற்றைய அட்டை டப்பாவுக்குள் போய்விடுகிறது, கிழிக்கும் காலண்டரில் குப்பைக்கு. வண்ணத்தாளில் நேற்று அதே இடத்தில் நேற்றைய நிறத்தோடு நிற்கிறது. "கடலுக்கு எப்போ போனோம்?" என்றால் விரலை வைத்துப் பின்னோக்கி எண்ணுகிறாள். வரப்போகும் நாள் வெள்ளையாகக் காத்திருக்கிறது. பிறந்தநாளுக்கு முன்னால் எத்தனை வெள்ளைக் கட்டம் என்று பார்த்தால் போதும், நான் பதில் சொல்லவே வேண்டியதில்லை.

விட்டுப்போன நாட்களிலும் இதுதான் கைகொடுக்கிறது. ஒருமுறை காய்ச்சலில் நாலு நாள் தாளைத் தொடவில்லை. கிழிக்கும் காலண்டராக இருந்தால் நாலையும் சேர்த்துக் கிழித்திருப்போம், அத்தோடு முடிந்தது. இங்கே நாலு வெள்ளை ஓட்டை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக, இது காய்ச்சல் வந்த நாள், இது மருந்தைத் துப்பிய நாள் என்று பேசிப் பேசி நிரப்பினோம். அன்றுதான் 'நேற்று', 'முந்தாநாள்' இரண்டையும் முதல்முறையாகச் சரியான இடத்தில் சொன்னாள்.

ஒன்றை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: தூங்கப்போகும் முன்தான் வண்ணம். நாங்கள் முதல் வாரம் காலையிலேயே தீட்டிவிட்டு, மத்தியானம் "இந்த நாள் முடிஞ்சிருச்சே" என்று அவள் வாதாடியதைக் கேட்க வேண்டியதாயிற்று. நிறமும் இரண்டு போதும், பள்ளி நாளுக்கு ஒன்று, வீட்டு நாளுக்கு ஒன்று. வெயில், மழைக்கு நிறம் மாற்றுவதைப் பலர் செய்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. அதில் வானிலைதான் தெரிகிறது. இரண்டே நிறம் என்றால் ஐந்தும் இரண்டுமாக வாரம் தானாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சனிக்கிழமை வலது ஓரத்தில் முடிந்து, ஞாயிறு கீழ்வரிசையின் இடது ஓரத்துக்குத் தாவுகிறது. இரண்டு மாதமாவது அவள் விரல் சனியில் வந்து நின்றுவிடும். மான்டிசோரி வகுப்புகளில் வைக்கும் நீளப் பட்டைக் காலண்டரில் இந்தத் தொல்லை கிடையாது, நாட்கள் ஒரே கோடாகப் போகின்றன. ஆனால் கட்டம் 3 செ.மீ. என்று வைத்தாலும் 365 கட்டத்துக்குக் கிட்டத்தட்ட 11 மீட்டர் சுவர் வேண்டும். நான் மாதத்தாளையே வாரம் வாரமாக வெட்டி, ஒரு மாதத்தை மட்டும் பட்டையாக ஒட்டிப் பார்த்தேன். தாவல் பிரச்சினை தீர்ந்தது, வாரங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரிவது போயிற்று. ஒரே ஒரு மாதம் பார்த்ததை வைத்து அதைத் தள்ளிவிட மாட்டேன். மூன்று வயதுக் குழந்தைக்குப் பட்டையே எளிதாக இருக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆறு வரிசை வரும் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2026 பிப்ரவரி போல ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடிகிற, நாலே வரிசை மாதம் கிடைத்தால் அருமை. தொடக்கத்திலும் முடிவிலும் காலிக் கட்டமே இருக்காது. 'இது யாரோட நாள்?' என்ற கேள்விக்கு முதல் மாதமே பதில் தேட வேண்டாம்.

மணி பார்க்க இதில் எதுவுமே உதவாது, அதற்குக் கடிகாரம்தான். அப்புறம், புது மாதத்தாளை ஒட்டும்போது பழையதைக் கழற்றாதீர்கள். பக்கத்திலேயே ஒட்டுங்கள். எங்கள் சுவரில் இப்போது ஏழு தாள் இருக்கிறது, கடலுக்குப் போன நாள் மூன்றாவது தாளில் நீலமாக இருக்கிறது.