புள்ளிமூக்கு வாத்தா, பழந்தின்னி வௌவாலா?

நொய்யலை ஒட்டிய எங்கள் ஊரில் மாதந்தோறும் ஓர் உயிரினத்தையாவது தவறாமல் எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும் என்று முடிவெடுத்தபோது, குளத்தில் மேயும் புள்ளிமூக்கு வாத்தும், அதன் கரைப் புளியமரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவாலும் என் முன் இருந்தன. நான் வௌவாலைத் தேர்ந்தேன்.

வாத்தை எண்ணுவது எளிது. கறுத்த அலகின் நுனியில் மஞ்சளும் அடியில் சிவப்புப் புள்ளிகளும் இருப்பதால் பட்டப்பகலில் ஐயமின்றி அடையாளம் காணலாம். அதற்குக் காவலும் உண்டு. ஈரோட்டுக்கு அருகிலுள்ள வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலும் திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024இலும், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டன.

வௌவாலுக்கு அத்தகைய ஆதரவு இல்லை. கொய்யாவும் சப்போட்டாவும் வைத்திருப்பவர்களின் மனக்குறை நியாயமானதே. ஆனால் ஆல், அத்தி, இலுப்பை விதைகளை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய்ப் போடுவதும் இதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு தீங்குயிர் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பட்டியலே நீங்கியது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே: இழந்தால் மீளுமா என்பது. வாத்து ஒரே ஈட்டில் எட்டு முட்டைக்கு மேலும் இடக்கூடியது. பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே தாயோடு நீரில் இறங்கிவிடும். ஆகவே குளம் வற்றிப் போன ஆண்டின் இழப்பை நல்ல மழை பெய்த ஓர் ஆண்டு பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். வௌவாலோ ஏறத்தாழ ஐந்து மாதம் சுமந்து, ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனுகிறது. அக்குட்டி முதல் சில வாரங்கள் தாயின் மார்பைப் பற்றியே பறக்கிறது. பின்னர், தாய் இரைதேடும் இரவுகளில் மரத்திலேயே தனித்துத் தொங்குகிறது. அந்த மாதங்களில் சாலை விரிவாக்கத்துக்கென்று ஒரு புளியமரத்தை வெட்டினால் அந்த ஆண்டின் தலைமுறையே தரையில் விழும். வைத்த கன்று அத்தனை வௌவால்களைத் தாங்கும் மரமாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். நான் பார்த்தது இரண்டு கோடைகள் மட்டுமே என்பதால், எங்கள் மரங்களில் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று இப்போதே சொல்ல முன்வரமாட்டேன்.

பொழுது சாய்ந்ததும் கூட்டம் மரத்தைவிட்டுக் கிளம்பும்போது எண்ணுவதே சரியான முறை. சித்திரை வெயிலில் அவை பறந்தபடியே தாழ்ந்து, மார்பு மயிரை நீரில் நனைத்து, பிறகு கிளையில் தொங்கி அந்த ஈரத்தை நக்கிக் குடிக்கின்றன. குளம் வற்றினால் வௌவாலுக்கும் கேடு என்று அப்போதுதான் விளங்கியது. அன்று முதல், வெளிச்சம் மங்குவதற்கு முன் வாத்துகளையும் எண்ணி, அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்துவைக்கிறேன்.