தென்னந்தோப்பில் வைஃபை பிரிட்ஜ்: ரேடியோவுக்கு நூறு மார்க், கேபிளுக்கு முட்டை

வீட்டு இன்டர்நெட்டைத் தோட்டத்துக் கேமராக்கள் வரை காற்று வழியாகக் கொண்டுபோகும் ஒரு ஜோடி ரேடியோப் பெட்டிதான் வைஃபை பிரிட்ஜ். இந்த ஐப்பசி மழையிலும் மாட்டுக் கட்டுத்தரைப் பக்கத்துக் கேபிளைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ரேடியோ அசையவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் "நானும் ஒரு செட்டு மாட்டலாமா?" என்று கேட்டிருக்கிறார், அவருக்கான பதில் இது.

இடம் பொள்ளாச்சிப் பக்கம். வீட்டிலிருந்து மோட்டார் ரூமும் கட்டுத்தரையும் 220 மீட்டர். லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது, சுவரில் சொருகும் எக்ஸ்டெண்டர் முற்றத்தைக்கூடத் தாண்டாது. அதனால் 13 டிபிஐ (ஒரே திசையில் குவிக்கும் திறனின் அளவு) ஆன்டெனாவோடு வரும் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற சிபிஇ ஒரு ஜோடி. கம்பத்தில் மாட்டும் அந்த ரேடியோப் பெட்டிக்குத்தான் சிபிஇ என்று பெயர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்றுதான் கடைக்காரர் முதல் வீடியோ போடுகிறவர் வரை சொல்வார்கள். வளர்ந்த தென்னந்தோப்பில் அது சுத்தத் தப்பு. மொட்டை மாடியில் கம்பம் நட்டால் அலை நேராக மட்டைக்குள் போய் முட்டும். காற்றடித்தால் சிக்னல் ஆடும், ஓலை நனைந்தால் படுத்தே விடும். கொண்டைக்குக் கீழே, 12 அடி உயரத்தில், இரண்டு மர வரிசைகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகப் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். 25 அடி இடைவெளியில் வைத்த தோப்பில் அந்தச் சந்து ஏழரை மீட்டர் அகலம். 220 மீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவழியில் தேவைப்படும் தடையில்லாத இடம் 1.7 மீட்டர் ஆரம்தான். தரைக்கும் அதற்கும் இடையே இன்னும் இரண்டு மீட்டர் கிடக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதே தூரத்துக்கு 2.6 மீட்டர் கேட்கும். இப்படி மாட்டியதில் சிக்னல் மைனஸ் 50 டிபிஎம்மை (பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்) ஒட்டியே நிற்கிறது, கொட்டுகிற மழையிலும் இரண்டு மூன்றுதான் இறங்கும். மட்டை தரையைத் தொடும் இளந்தோப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மரத்துக்கு மேலேதான் போகவேண்டும்.

செட்டிங் பெரிய வித்தை இல்லை. வீட்டுப் பக்கம் ஆக்சஸ் பாயிண்ட் (சிக்னல் கொடுப்பது), தோட்டப் பக்கம் கிளையண்ட் (அதில் சேர்வது). இரண்டுக்கும் வேறு வேறு ஐபி கொடுத்து, டிஎச்சிபியை (ஐபியைத் தானாகப் பங்கிடும் வேலை) அணைத்து, அந்த வேலையை வீட்டு ரௌட்டரிடமே விட்டுவிடுங்கள். சேனலை 149 அல்லது அதற்கு மேல் வைத்தால், பக்கத்தில் ரேடார் இருக்கிறதா என்று சோதிப்பதற்காக லிங்க் சும்மா நிற்காது. லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் என்பதால் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தாராளம். நாலு கேமராவுக்கு அதில் பாதிகூட வேண்டாம். பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தோட்டத்து சிபிஇ வீட்டைப் பார்த்து நிற்கிறது, கட்டுத்தரையில் நிற்பவரின் போனுக்கு அது சிக்னல் தராது. அதற்குத் தனியாக ஒரு பழைய ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்டாக வைத்தாக வேண்டும்.

இனி என் வயிற்றெரிச்சல். காற்றில் 220 மீட்டர் சுகமாகப் போகிறது. கம்பத்திலிருந்து ரூமுக்குள் இறங்கும் எட்டு மீட்டர் கேபிள் உயிரை வாங்குகிறது. ரூமில் இருக்கும் அடாப்டரிலிருந்து அதே கேபிளில்தான் 24 வோல்ட் டிசியும் ஏறுகிறது: 4, 5 பின்களில் பிளஸ், 7, 8 பின்களில் மைனஸ். ஈரம் உள்ளே போனால் மின்னரிப்பு பிளஸ் பின்னைத்தான் முதலில் தின்னும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நீல ஜோடி போகும் இரண்டு பின்களில் மட்டும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், மற்ற ஆறும் தங்க நிறத்தில் பளபளக்கும். ஆயிரக்கணக்கில் விலை வைக்கிறவர்கள் பிளக் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு பிளாஸ்டிக் மூடி, அடியில் ஓட்டை. அதில் மழை நுழைகிறதோ இல்லையோ, எறும்பும் குளவியும் குடிவந்துவிடுகின்றன.

கோளாறு ரேடியோ மாதிரியே வேஷம் போடும் என்பதுதான் கொடுமை. சிக்னல் அருமையாக இருக்கும், படம் மட்டும் உறையும். முதலில் சிபிஇயின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் லேன் வேகத்தைப் பாருங்கள்; 100 இருக்கவேண்டிய இடத்தில் 10 என்று இருந்தால் கிரிம்பைச் (பிளக்கைக் கேபிளில் அழுத்திப் பொருத்திய இடம்) சந்தேகப்படுங்கள். பிறகு வரிசையாகப் பிங் செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு பெட்டியும் பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்து சிபிஇ பதில் சொல்லி கேமரா சொல்லாவிட்டால் குற்றவாளி கேபிள், அல்லது அதற்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச், இல்லாவிட்டால் கேமராவே. சிபிஇயே பேசவில்லை என்றால் அடாப்டரையும் அந்தப் பிளஸ் பின்களையும் பாருங்கள்.

கேபிள் முழுச் செம்பாக இருக்கவேண்டும். செம்பு பூசிய அலுமினியம் கிரிம்ப் செய்த இடத்திலேயே ஒடியும். உறை கறுப்பு நிற வெளிப்புற ரகம். அணில் கடிக்காமல் இருக்க, ஓட்டை போடாத 16 எம்எம் சொட்டுநீர் லேட்டரல் ஓஸுக்குள் கேபிளை இழுத்துவிட்டு அப்புறம் பிளக் அடியுங்கள், அடித்தபிறகு சிரமம். சிபிஇக்குக் கீழே கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பின்களில் சிலிக்கான் கிரீஸ். அடாப்டரில் இருக்கும் இரண்டு ஓட்டையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அச்சடித்த எழுத்தும் அழிந்துபோகும். பவர் போகும் ஓட்டைக்கு நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள்.

இடிக்கு சர்ஜ் புரொடெக்டரும் எர்த்தும் போடலாம். பக்கத்தில் விழும் இடியின் பாதிப்பு குறையும், ஆனால் உத்தரவாதம் கிடையாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். வழி முழுக்க உங்கள் நிலமே என்றால் ஃபைபர் போடுங்கள். ஒரு கோர் ஃபைபர், ஏ, பி என்று ஜோடியாக வரும் மீடியா கன்வர்ட்டர் (லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேனாகவும் மாற்றும் பெட்டி); ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், மற்றது 1550இல். ஏ இரண்டு வாங்கினால் லிங்க் வராது. எஃகுக் கம்பி இல்லாத ரகமாகப் பாருங்கள், இடி அதன் வழியாக வராது. வேறொருவர் நிலம் குறுக்கே வந்தால்தான் ரேடியோ.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எப்படியும் சொட்டுநீர் மெயின் லைனுக்குக் குழி வெட்டப்போகிறார். ரோட்டவேட்டர் தொடாத இரண்டடி ஆழத்தில் ஒரு இன்ச் பிவிசி பைப்பையும் கூடவே போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைக்கட்டும். ஃபைபரை அப்புறம் இழுத்துக்கொள்ளலாம்.