கே.எல். சென்ட்ரலில் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்: சுங்கை சிப்புட் மக்கள் கவனத்துக்கு

ஊரிலிருந்து ரயிலேறி கோலாலம்பூருக்கு மருத்துவமனைக்கோ, கல்யாணச் சாமான் வாங்கவோ, பத்துமலைக்கோ போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வயதானவர்களைத் தனியே அனுப்புகிறவர்கள் வீட்டில் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். கே.எல். சென்ட்ரலில் ஆள் பிடிக்கும் பிரேபெட் சாப்புக்காரர் (உரிமமில்லாமல் சொந்தக் காரில் பயணி ஏற்றுகிறவர்) ஒருவரிடம் 140 வெள்ளியை (ரிங்கிட்டை)க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். பணத்தைக்கூட விட்டுவிடலாம். அவர் எங்களைப் பிடித்த விதம்தான் இன்னும் ஆறவில்லை.

சின்னம்மாவுக்குக் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் பெரிய டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்திருந்தார்கள். துணைக்கு அம்மாவும் கிளம்பிவிட்டார். சிப்புட்டிலேயே இடிஎஸ் விரைவு ரயிலில் ஏறினோம். அதுவரை ஒரு குறையும் இல்லை. கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும்தான் வினை ஆரம்பித்தது. நான் கைப்பேசியில் எம்ஆர்டி நகர ரயிலுக்குப் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் பட்டையோடு ஓர் அட்டை, மடிப்புக் கலையாத சட்டை, ஐம்பது வயதிருக்கும், ஒருவர் நேராக அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, ஈப்போ பக்கமிருந்து வர்றீங்களா? எந்த ஊரு?"

"சிப்புட்."

"அட, துன் சம்பந்தன் ஊரு! டவுனா, தோட்டமா?"

"பொறந்தது ஹீவூட். இப்ப தாமான்ல இருக்கோம்."

"எங்க பாட்டிகூட ஹீவூட்லதாம்மா பால் வெட்டுனாங்க."

முடிந்தது. சின்னம்மாவின் பை அவர் கைக்குப் போய்விட்டது. எதற்கும் அசையாத சின்னம்மா, ரயிலில் என்னிடம்கூடச் சொல்லாத முட்டி வலியை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா, "பாட்டி பேரு என்னா? எந்த லயம்?" என்று ஆசையாகக் கேட்டார். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. "நேரமாச்சும்மா, டாக்டர் நம்பர் போயிரும்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

துன் சம்பந்தன் 1919-இல் எங்கள் ஊரில் பிறந்தவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர். அந்தப் பெயரைச் சொல்லியே அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் காசு பிடுங்க ஒருவருக்கு மனம் வருகிறது என்றால், என்னத்தைச் சொல்ல.

எம்ஆர்டியில் போகிறோம் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை, அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். மோனோரயில் இன்றைக்கு ஓடவில்லையாம். எம்ஆர்டி நிலையம் ஒரு கிலோமீட்டர் தள்ளியாம். நடுவில் வேறு ரயில் மாற வேண்டுமாம், அங்கே படியேறியே முட்டி போய்விடுமாம். இதில் ரயில் மாற வேண்டும் என்பது மட்டும் உண்மை. மோனோரயில் அன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை மாலையில் என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு விலைப்பட்டியலை எடுத்தார். மலாயிலும் ஆங்கிலத்திலும் இடங்களின் பெயர், பக்கத்தில் விலை. "கவர்மென்ட் ரேட்டும்மா, நான் வச்ச விலை இல்ல." மருத்துவமனைக்கு நேராக 60 என்று இருந்தது. அந்த வரிக்குக் கீழே அவருடைய கட்டைவிரல் அழுத்தமாக இருந்தது. அந்த விரலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர், முட்டி வலி, டாக்டர் நேரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, 60 கொள்ளைதான் ஆனாலும் போகட்டும் என்று அம்மா தலையாட்டிவிட்டார்.

டாக்சி வரிசைக்கு எங்களைக் கூட்டிப் போகவில்லை. கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப் போனார். சாதாரணச் சொந்தக் கார். மீட்டர் கிடையாது, கூரையில் டாக்சிப் பலகை கிடையாது. பைகளைக் காரின் பின்னால் பூட்டில் (சாமான் வைக்கும் பெட்டியில்) வைத்துப் பூட்டினார். சின்னம்மாவின் எக்ஸ்ரே, ஈப்போவில் கொடுத்த கடிதம், மருத்துவமனை அட்டை எல்லாம் அந்தப் பையில்.

வழியில் ரெட்டைக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போனார். "சிப்புட்லேருந்து வந்துட்டு இதப் பாக்காமப் போகலாமாம்மா?" அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒரே சந்தோஷம். நெரிசலில் கார் நின்று நின்று ஊர்ந்தது. ஜாலான் பகாங்கில் இருக்கும் மருத்துவமனைக்கு அந்தப் பக்கம் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மருத்துவமனை வாசலில் 60 வெள்ளியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "தம்பி, ஆளுக்கு அறுபது." பட்டியலை மறுபடி எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் இருந்த இடத்தில் பொடி எழுத்தில் 'ஓர் ஆளுக்கு' என்று மலாயில் இருந்தது. மூன்று பேருக்கு 180. அதன் மேல் டோல் காசு 10. நாங்கள் போன வழியில் ஒரு டோல் சாவடியும் இல்லை!

கத்தினேன். அவர் கத்தவே இல்லை. பூட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியவங்களுக்கு நேரமாவுது தம்பி" என்றார், அவ்வளவுதான். சின்னம்மாவின் காகிதமெல்லாம் உள்ளே. பதிவு கவுண்டரில் நம்பர் எடுக்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேசிப் பேசி 140-க்கு இறங்கினார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார். காரின் எண் தகட்டை அவர் கிளம்பும்போது படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு கிராப் வாடகைக் கார் செயலியில் அதே தூரத்தைப் போட்டுப் பார்த்தேன். 15 வெள்ளிக்குப் பக்கம் காட்டியது, ஆளுக்கு இல்லை, காருக்கு.

திரும்பும்போது ரயிலில்தான் வந்தோம். வழியை விவரமாகவே சொல்கிறேன், ஊரில் பலருக்குத் தேவைப்படும். புத்ராஜெயா பாதை எம்ஆர்டி 2023 மார்ச்சில் முழுமையாக ஓட ஆரம்பித்ததிலிருந்து மருத்துவமனைக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. பெயரே 'ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர்' தான். கே.எல். சென்ட்ரலிலிருந்து போக வேண்டுமானால், கூரை போட்ட நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் 'மியூசியம் நெகாரா' எம்ஆர்டி நிலையம். அங்கே காஜாங் போகும் ரயிலில் ஏறி நாலாவது நிலையத்தில், துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் இறங்க வேண்டும். டிஆர்எக்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வெளியே போகாமல் உள்ளேயே புத்ராஜெயா பாதைக்கு மாறி, குவாசா டாமன்சாரா போகும் ரயிலில் ஐந்தாவது நிலையம் மருத்துவமனை. முட்டி வலிக்காரர்களுக்கு எல்லா எம்ஆர்டி நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. சின்னம்மா அன்றைக்கு ஒரு படிகூட ஏறவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து 10 வெள்ளிகூட ஆகவில்லை.

ஒரே ஒரு குழப்பம். டிஆர்எக்ஸில் இரண்டு பாதைகளுக்கும் ஒரு முனை குவாசா டாமன்சாராதான். பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏறிவிடாமல், எந்தப் பாதை என்பதையும் பாருங்கள். காஜாங் பாதையில் ஏறினால் வந்த வழியே திரும்பிப் போய்விடுவீர்கள்.

நீல நிற டோக்கன் விற்கும் இயந்திரத்தின் பக்கத்திலும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இவர் தமிழர் இல்லை, ஆனால் தமிழ் கொஞ்சம் பேசுகிறார். அந்த இயந்திரம் பெரிய நோட்டை ஏற்காது. 50 வெள்ளியை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களைப் பார்த்து வருவார், சில்லறையாக மாற்றித் தருவார், எண்ணிப் பார்த்தால் 40 இருக்கும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் அப்படி வாங்கிக்கொண்டு எண்ணாமலே போனார். கூப்பிட்டுச் சொன்னேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் கம்பி நீட்டிவிட்டார். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளித் தாள்களை ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள். அதைவிட, ஆளுக்கு ஒரு டச் அண்ட் கோ அட்டை வைத்துக்கொண்டால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், கொமுட்டர் நாலுக்கும் அது போதும். ஒரே அட்டையை மூன்று பேர் தட்டிக்கொண்டு போக முடியாது. இடிஎஸ்ஸுக்குத் தனி டிக்கெட்தான். அறுபது தாண்டிய மலேசியருக்கு எல்ஆர்டி, எம்ஆர்டியில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மைகார்டை (அடையாள அட்டையை)க் காட்டிச் சலுகை அட்டை எடுக்க வேண்டும். அம்மாவுக்கு இனிமேல்தான் எடுக்கப் போகிறேன்.

ஊர் திரும்பி ஒட்டுக்கடையில் இதைச் சொன்னால், ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். முன்பு தோட்டத்தில் தண்டலாக, அதாவது மேற்பார்வையாளராக இருந்த ஒரு பெரியவர் பேத்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருக்கிறார். கே.எல். சென்ட்ரலில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி 25 வெள்ளி கொடுத்திருக்கிறார். நூ சென்ட்ரல் கடைத்தொகுதிக்குள் நடந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன், அதுதான் பிரிக்ஃபீல்ட்ஸ். மோனோரயில் நிலையமும் அங்கேயேதான். எங்கள் ஊர்க்காரர் பெயரைத் தாங்கிய தெருவுக்கு எங்கள் ஊர்க்காரரையே காரில் சுற்றிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

இன்னொருவர் பேருந்தில் போய் டிபிஎஸ்ஸில் (பண்டார் தாசிக் செலாத்தான் பேருந்து நிலையத்தில்) இறங்கியிருக்கிறார். நம் பெரியவர்களுக்கு இன்னமும் கோலாலம்பூர் என்றால் பழைய புடுராயா பேருந்து நிலையம்தான். பேருந்துகள் பண்டார் தாசிக் செலாத்தானில் நிற்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. இருட்டிய பிறகு அங்கே இறங்கி "புடு எங்கே?" என்று கேட்டால், கேட்கிறவருக்கு ஊர் புதிது என்று அந்த ஆட்களுக்கு உடனே தெரிந்துவிடும். கடைசி ரயில் போய்விட்டது என்று சொல்லிக் காரில் ஏற்றிவிடுவார்கள். டிபிஎஸ்ஸை ஒட்டியே எல்ஆர்டியும் கொமுட்டரும் இருக்கின்றன. ரயில் போய்விட்டதா இல்லையா என்பதை நிலையத்தில் போய்ப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

நமக்கு இதெல்லாம் பழக்கமில்லாததற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து ஊர்களில் பேருந்து என்பது வந்தால் வரும். பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதில்லை. அட்டை தட்டி உள்ளே போவது, பலகையில் கடைசி நிலையத்தின் பெயர் பார்த்து ரயில் ஏறுவது எல்லாம் நமக்குப் புதிது. அந்தத் தயக்கம் முகத்தில் தெரியும். அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள், தமிழிலேயே வருகிறார்கள்.

டாக்சியில்தான் போக வேண்டும் என்றால் எண் தகட்டைப் பாருங்கள். முறையான டாக்சிக்கு வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து, முதல் எழுத்து 'எச்'. சொந்தக் காருக்குக் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. கிராப் காரும் கறுப்புத் தகடுதான், அதனால் செயலியில் காட்டும் எண்ணோடு ஒத்துப் பார்த்து ஏறுங்கள். டாக்சியில் மீட்டர் போட மாட்டேன் என்றால் ஏறாதீர்கள், மீட்டர் போடுவது சட்டம். மருந்து, காகிதம், மைகார்ட் இருக்கும் பையை எந்தக் காரணத்துக்கும் பூட்டில் வைக்கவிடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும்.

பத்துமலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் நேராகப் பத்துமலைக்கே போகிறது, 2010-இலிருந்து. கடைசி நிலையம் அதுதான், இறங்கி நடந்தால் கோயில். தைப்பூச நேரத்தில் "ரயில்ல ஏற முடியாதும்மா, கூட்டம்" என்று காருக்குக் கூப்பிடுவார்கள். கூட்டம் இருக்கும்தான். ஆனால் சாலையும் அன்றைக்கு அடைத்துக்கொண்டுதான் கிடக்கும், கார் மட்டும் பறக்கவா போகிறது?

உரிமம் இல்லாமல் இப்படிப் பயணி ஏற்றுவது 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். காரின் எண், படம், தேதி, நேரம் எல்லாவற்றையும் போட்டு அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து முகமை) அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். கட்டைவிரலால் விலையை மறைக்கும் இந்த ஆளிடம், அல்லது "எங்க பாட்டியும் உங்க தோட்டம்தான்" என்று சொன்ன ஆளிடம் நம் ஊரிலிருந்தோ குவாலா கங்சார், கம்பார், தாப்பா பக்கமிருந்தோ யாராவது ஏறியிருந்தால் தேதியையும் கொடுத்த தொகையையும் எனக்குத் தெரிவியுங்கள். அதே புகாரோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.